தோற்றவர் அடுத்து என்ன செய்தார்? சமூக அறிவியல் பாடக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் பாடத்திட்டமும் பாடநூலும் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். குடிமையியல் பகுதியைப் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். தனிக் கடிதமாக அனுப்பாமல் வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம், இது உங்களுக்கும் எனக்கும் இடையிலான விஷயம் மட்டும் இல்லை. பெற்றோரும் மற்ற ஆசிரியர்களும் படித்து ஒப்புக்கொள்ளட்டும், அல்லது மறுக்கட்டும்.

கோரிக்கை இதுதான். மக்களாட்சியின் உறுப்புகளைச் சொல்லித்தரும் நம் பாடம், மக்களாட்சி சச்சரவுகளை எப்படிக் கையாள்கிறது என்பதையும் சொல்லித்தர வேண்டும். நம் மண்ணில் நடந்த, ஊரும் தேதியும் உள்ள சச்சரவுகளைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சச்சரவிலும் யார் ஜெயித்தார் என்பதை மாணவர் எப்படியும் தெரிந்துகொள்வார். தோற்றவர் அடுத்து என்ன செய்ய முடிந்தது என்று கேட்கவும் அவரைப் பழக்க வேண்டும்.

இப்போது பாடத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் மக்களாட்சி, தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள், மனித உரிமைகள், உள்ளாட்சி. பத்தாம் வகுப்பில் அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, அப்புறம் வெளியுறவு. ஆளுநரின் அதிகாரங்களையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் இந்த அமைப்புகள் எல்லாம் எதற்காக இருக்கின்றன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஒத்துப்போகாத மனிதர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் வாழ்வதற்காகத்தான் இவை இருக்கின்றன என்பது எந்த அலகிலும் நேரடியாக வருவதில்லை. பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்குக் குடிமையியல் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வாக்குரிமை வர இரண்டு மூன்று ஆண்டுகள்தான். 17 வயதிலேயே வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2022ல் அறிவித்துவிட்டது. ஆக, நம்மிடம் இருப்பது இந்த இரண்டு வகுப்புகள் மட்டும்தான்.

மத்தியப் பாடத்திட்டத்தில் இதற்கு ஓரளவு இடம் இருந்தது. பத்தாம் வகுப்பு அரசியல் பாடநூலில் மக்களாட்சியும் பன்மையும், மக்கள் போராட்டங்கள், மக்களாட்சியின் சவால்கள் என்று அத்தியாயங்கள் இருந்தன. 2022லும் 2023லும் சுமை குறைப்பு என்ற பெயரில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அங்கே எடுத்ததை இங்கே சேர்க்க நமக்கு எந்தத் தடையும் இல்லை.

இது ஏன் அவசரம் என்பதற்கு நாங்குநேரி போதும். 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது சரிதான். அவிழ்த்த பிறகு அந்தக் கை என்ன செய்யும்? மனத்தாங்கல் வந்தால் யாரிடம் போவது, எப்படி வாதிடுவது, தோற்றால் எப்படித் தாங்கிக்கொள்வது என்று நாம் எந்த வகுப்பிலும் சொல்லித்தந்ததில்லை. ஒழுக்கக் கதைகளும் உறுதிமொழிகளும் அந்த இடத்தை நிரப்பாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உறுதிமொழி சொல்ல நன்றாகத் தெரியும்.

சரி, என்ன சொல்லித்தரலாம்?

முதலில் மொழிச் சிக்கல். தமிழ்நாட்டில் இதைப் பற்றித் தெரியாதவர் இல்லை என்று நினைக்கிறோம். என் மாணவர்களைக் கேட்டால் போராட்டம் நடந்தது, இந்தி வரவில்லை என்று இரண்டு வரியில் முடிக்கிறார்கள். நடந்தது முப்பது ஆண்டுக் கதை. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ தோற்று, தோற்றவர் வேறு ஒரு கதவைத் தட்டியிருக்கிறார்.

1938ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு எழுந்தது. நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது உயிர்விட்டார்கள். 1940ல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதே ராஜாஜி பின்னாளில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதை எதிர்த்தார். கருத்து மாறுவதை இழிவாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு தகவலே ஒரு வகுப்புக்கான பொருள்.

பிறகு அரசியலமைப்பு அவை. 1946 டிசம்பரில் கூடிய அவையில், இந்துஸ்தானி தெரியாதவருக்கு இந்தியாவில் இருக்கவே உரிமை இல்லை என்று ஐக்கிய மாகாண உறுப்பினர் துலேகர் பேசினார். இந்தி ஏகாதிபத்தியம் வேண்டாம், முழு இந்தியா வேண்டுமா இந்தி இந்தியா வேண்டுமா என்பது உங்கள் கையில் என்று 1948ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எச்சரித்தார். இப்படி முட்டிக்கொண்ட இரு தரப்பும் 1949 செப்டம்பர் 14 அன்று ஒரு சமரசத்துக்கு வந்தன. கன்னையாலால் முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் வரைந்த ஏற்பாடு அது. தேவநாகரியில் இந்தி ஆட்சிமொழி, எண்கள் மட்டும் சர்வதேச வடிவில், ஆங்கிலம் 15 ஆண்டுகளுக்குத் தொடரும். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. இந்தத் திருப்தியின்மையைத்தான் மாணவர்கள் பார்க்க வேண்டும் என்கிறேன். சமரசம் என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டே கை குலுக்குவது என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போன சமரசம்தான் 15 ஆண்டு அவகாசத்தை வாங்கிக் கொடுத்தது.

அவகாசம் 1965 ஜனவரி 26ல் முடிந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று 1959ல் நேரு சொன்ன உறுதி மொழியளவிலேயே நின்றிருந்தது. 1963ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்நாட்டின் அச்சத்தைத் தீர்க்கவில்லை. அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். தீக்குளிப்புகள், துப்பாக்கிச் சூடு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ராசேந்திரனின் சாவு, ரயில் எரிப்பு, காவலர்கள் கொல்லப்பட்டது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நம் தரப்பில் விழுந்த பிணங்களை மட்டும் எண்ணிக் காட்டினால் அது பாடம் ஆகாது. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார்.

ஆனால் முடிவு தெருவில் வரவில்லை. 1967 தேர்தல் வந்தது. போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் வேட்பாளராக நின்று காமராசரையே தோற்கடித்தார். ஆட்சி மாறியது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றினால்தான் ஆங்கிலத்தை நீக்க முடியும் என்பது அந்தத் திருத்தம். இந்த ஒரு பிரிவை வகுப்பில் ஒரு முழு பீரியட் பேசலாம். இதில் பெரும்பான்மைக்கு வேலையே இல்லை. ஒரு மாநிலம் மறுத்தாலும் நிலைமை அப்படியே தொடரும். தலைகளை எண்ணி முடிவெடுப்பதுதான் மக்களாட்சி என்று படித்துவிட்டு வந்த பிள்ளை இங்கே தடுமாற வேண்டும். தாய்மொழி போன்ற ஒன்றை எண்ணிக்கைக்கு விட்டால், எண்ணிக்கையில் சிறியவர் என்றைக்கும் தோற்றுக்கொண்டே இருப்பார். என்றைக்கும் தோற்பவர் ஆட்டத்தில் தங்கியிருக்க எந்தக் காரணமும் இல்லை. அதனால்தான் சில விஷயங்கள் எண்ணிக்கைக்கு அப்பால் வைக்கப்படுகின்றன.

இந்தக் கதையில் வடக்கையும் காட்ட வேண்டும். அதே திருத்தத்தை எதிர்த்து உத்தரப் பிரதேசத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்து ஆங்கிலப் பலகைகளை அழித்தார்கள். அந்நியர் மொழி போக வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த உணர்ச்சியும் உண்மையானதே. அந்தத் தரப்பின் வாதத்தை, அவர்களே படித்தால் ஆம், இதைத்தான் சொன்னோம் என்று ஒப்புக்கொள்ளும்படி நம் மாணவர் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, எழுதத் தெரிய வேண்டும்.

தோற்றவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1962ல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போய் அங்கிருந்து பேசினார், ஐந்தே ஆண்டில் முதலமைச்சர் ஆனார். 1967ல் விருதுநகரில் தோற்ற காமராசர் 1969ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார். இந்த இரண்டு பெயர்களும் நம் பாடநூல்களில் மாலை போட்ட படங்களாக இருக்கின்றன. அவர்கள் தோற்ற தேர்தல்களைச் சொல்லுங்கள். தோல்வி தலையை வாங்காது, அடுத்த தேதி உண்டு என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளமும் படியும் கொடுக்க 1977ல் ஒரு தனிச் சட்டமே இயற்றினார்கள். அரசின் செலவைத் துருவிப் பார்க்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராக்கும் வழக்கம் 1967லிருந்து இருக்கிறது. தன்னை எதிர்ப்பவருக்கு அரசே சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறது என்று சொன்னபோது, "ஏன் சார்?" என்று வகுப்பே கேட்டது. நான் நடத்திய குடிமையியல் பாடத்தில் அவர்களாகக் கேட்ட நல்ல கேள்வி அது.

திருத்தணி கதை இதைவிட எளிது, ஒன்பதாம் வகுப்புக்குப் பொருத்தமானது. 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. சென்னை நகரம் யாருக்கு என்பதிலேயே பெரிய மோதல் இருந்தது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. திருப்பதி வரை கேட்டார்கள். இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டு படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டு, எந்த மொழி பேசுவோர் அதிகம், நிலத் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து எல்லை வகுத்தார். நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிகளிலிருந்து சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. திருப்பதி வரவில்லை. இதில் வாக்கெடுப்பு இல்லை, நீதிமன்றம் இல்லை. இரு தரப்பும் நம்பும் ஒரு நடுவர், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவுகோல், அவ்வளவுதான். வரைபடத்தைக் கொடுத்து, "நீ படாஸ்கர், இந்தப் பத்துக் கிராமத்தையும் பிரி" என்று சொன்னால் பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டார்கள்.

காவிரி நேர்மாறு. இன்னும் முடியாத சச்சரவு, அதனால்தான் பாடத்தில் வேண்டும். 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990ல் நடுவர் மன்றம், 1991ல் ஆண்டுக்கு 205 டிஎம்சி என்று இடைக்கால ஆணை, அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை, 2007ல் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்ற இறுதித் தீர்ப்பு, 2018ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து கர்நாடகத்துக்கு 284.75 ஆக்கியது, அதன் பிறகு மேலாண்மை ஆணையம். இந்த எண்களை மனப்பாடத்துக்குத் தர வேண்டாம். பெங்களூரின் குடிநீருக்காக ஒரு பங்கு ஏன் மாறியது என்று கேட்க வையுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதில் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சண்டை வருகிறதே, அதற்கு நீ என்ன விதி எழுதுவாய் என்று கேளுங்கள். அதோடு 2003ல் உருவான காவிரிக் குடும்பத்தையும் சொல்லுங்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் வயலையும் அணையையும் நேரில் பார்த்தார்கள். பிரச்சினை அதனால் தீர்ந்துவிடவில்லை. மண்டியா விவசாயிக்கும் கடன் இருக்கிறது என்று தஞ்சாவூர்க்காரர் தெரிந்துகொண்டார். நீதிமன்றம் செய்ய முடியாத வேலை அது.

இனி நான் மிகவும் வற்புறுத்தும் இடத்துக்கு வருகிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் எண்ணிக்கையில் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. பத்து ஆண்டுகள் தேர்தல் அறிவிப்பு வரும், மனு வராது. அல்லது ஊர்க்காரர்களே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, மறுநாளே விலகச் சொல்வார்கள். வாக்குப்பெட்டி இருந்தது, அதிகாரி இருந்தார், மை இருந்தது. மக்களாட்சி மட்டும் இல்லை. மேலூர் அருகே மேலவளவில் இன்னும் கொடுமை. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பாப்பாபட்டியும் மற்ற ஊர்களும் 2006ல் மாறின. அப்போது மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரனும் மற்ற அதிகாரிகளும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், கட்சிகளும் இயக்கங்களும் அழுத்தம் கொடுத்தன, தேர்தல் நடந்தது, வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். அந்த ஊர்களுக்காகச் சென்னையில் சமத்துவப் பெருவிழா என்று அரசு விழா எடுத்தது. இதைப் படிக்காமல் ஒரு பிள்ளை எப்படித் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடிக்கலாம்? சட்டம் எழுதினால் போதாது, அதை ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்தப் பத்து ஆண்டுகளும் பல உயிர்களும் ஆகும் என்பதை அவர் வேறு எங்கே தெரிந்துகொள்வார்? அதன் பிறகும் முடிந்துவிடவில்லை. 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது.

இதோடு சேர்த்து, ஊர் கூடி ஏகமனதாக எடுத்த முடிவு என்று சொல்வதை மாணவர்கள் சந்தேகத்தோடு பார்க்கப் பழக வேண்டும். ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்ட செய்திகள் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் வருகின்றன. கோயிலுக்குப் பணம், ஊருக்குச் சண்டை இல்லை என்று அதற்கு நியாயமும் சொல்கிறார்கள். சண்டை இல்லாததாலேயே ஒரு முடிவு நல்ல முடிவு ஆகிவிடாது. யார் வாயைத் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்று கேட்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு நடத்துகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை பெருமைக்குரியதுதான். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதி இன்றைக்கும் தேவை. ஆனால் நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உள்ள 35 முதல் 70 வயது ஆண்களின் பெயர்கள் மட்டுமே அந்தக் குடத்துக்குள் போயின. அந்தத் தகுதி வரிகளையும் அதே பக்கத்தில் அச்சிட்டு, உன் வீட்டில் யாருடைய பெயர் குடத்துக்குள் போயிருக்கும் என்று கேளுங்கள்.

இன்னொரு கடினமான கேள்வியையும் பாடநூல் தவிர்க்கக் கூடாது. 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அவையில் பேசியபோது, அரசியலமைப்பு வழிகள் திறந்துவிட்ட பிறகு ஒத்துழையாமையையும் சத்தியாகிரகத்தையும்கூட விட்டுவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். மூன்றே ஆண்டில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து இறந்தார், ஆந்திரம் பிறந்தது. 1956ல் தமிழ்நாடு என்ற பெயருக்காகச் சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாவிரதமிருந்து இறந்தார். பெயர் 1969 ஜனவரி 14ல்தான் வந்தது, அதுவும் சட்டமன்றத் தீர்மானம் வழியாக. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்தால் சில நாட்களிலேயே ஜல்லிக்கட்டுச் சட்டம் வந்தது, எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள், 2023ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அம்பேத்கர் சொன்னது சரியா? எந்தக் கட்டத்தில் தெருவுக்கு வருவது நியாயம்? எனக்கு ஒரு கருத்து உண்டு. கோரிக்கையை அவைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற போராட்டம் மக்களாட்சிக்கு வலு, அவையையே வேண்டாம் என்கிற போராட்டம் ஆபத்து. ஆனால் என் கருத்தை மாணவர் எழுதி மதிப்பெண் வாங்க வேண்டியதில்லை.

இங்கேதான் ஆசிரியர்களின் பயம் வருகிறது. இவற்றை வகுப்பில் எடுத்தால் மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் ஊர்ப் பெரியவர்களோ கட்சிக்காரர்களோ நிற்பார்கள். இடமாறுதல் வரும். எனவே எல்லோரும் பாதுகாப்பாக ஆளுநரின் அதிகாரங்களை நடத்துகிறோம். ஜெர்மனியில் 1976ல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் அரசியல் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று நெறிகள் உருவாயின. மாணவர் மேல் ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்ட வேண்டும். மாணவர் தன் நிலையையும் நலனையும் தானே சீர்தூக்கிப் பார்க்கும் திறன் பெற வேண்டும். இந்த அளவில் ஒரு பக்கச் சுற்றறிக்கை பள்ளிக்கல்வித் துறையிடமிருந்து வந்தால் போதும். புகாரோடு வருபவரிடம் அதைக் காட்டி, "இரண்டு தரப்பையும்தான் நடத்தினேன், வந்து வகுப்பில் உட்காருங்கள்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரும். சாதி வன்முறை பற்றிய பாடத்தில் மட்டும் ஓர் எல்லை வேண்டும். தண்ணீரிலும் மொழியிலும் இரு தரப்பு உண்டு. ஒரு மனிதர் நாற்காலியில் உட்காரலாமா என்பதில் இரு தரப்பு இல்லை. அதை விவாதத்துக்கு விடக் கூடாது.

பள்ளிக்குள்ளும் இதற்கு இடம் வேண்டும். நான் பார்த்த மாணவர் மன்றங்களில் முதலமைச்சர் உண்டு, சுகாதார அமைச்சர் உண்டு, உணவு அமைச்சர் உண்டு. எதிர்க்கட்சித் தலைவர் இல்லை. பெரும்பாலும் அந்த முதலமைச்சரும் அதிக மதிப்பெண் எடுத்ததால் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தவர். தேர்தல் வையுங்கள், இரண்டாவதாக வந்தவருக்கு மாதம் ஒரு முறை இறைவணக்கக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை கொடுங்கள். கழிப்பறையில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கட்டும், தலைமையாசிரியர் பதில் சொல்லட்டும். எங்கள் பள்ளியில் மைதானம் யாருக்கு என்று ஒன்பதாம் வகுப்பில் வாக்கெடுப்பு வைத்தபோது ஒவ்வொரு முறையும் கிரிக்கெட்தான் ஜெயித்தது. கோ-கோ ஆடும் பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. கடைசியில் அவர்களே, வாக்கெடுப்பே வேண்டாம், கிழமை பிரிப்போம் என்றார்கள். ஆட்சிமொழித் திருத்தத்தை அந்த வகுப்புக்கு விளக்க எனக்கு அதன் பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

பாடநூலை மாற்றக் காலம் பிடிக்கும் என்று தெரியும். வினாத்தாளை மாற்றக் காலம் தேவையில்லை. பொதுத்தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதைத்தான் நாங்கள் நடத்துகிறோம், பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதனால் அடுத்த காலாண்டுத் தேர்வுக்கு ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் வினாவைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். "1949 செப்டம்பர் 14 மொழி ஏற்பாட்டில் நீ ஏற்காத தரப்பின் வாதத்தை எழுது. அந்தத் தரப்பு அடுத்து எந்த வழியில் தன் குறையைச் சொல்ல முடிந்தது?" சரியான விடை எது என்று விடைக்குறிப்பில் எழுத வேண்டாம். எதிர்த்தரப்பை நேர்மையாகச் சொன்னதற்கு மூன்று மதிப்பெண், வழியைச் சொன்னதற்கு இரண்டு.

திருத்தணிக்கான பாடத் தொகுப்பை வரைபடத்தோடு நானே எழுதித் தரத் தயார். பாப்பாபட்டியை எழுத அந்த ஊர் ஆசிரியர் யாரையாவது அழையுங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளும் அதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால் அவரைவிடக் கவனமாக வேறு யாரும் எழுத முடியாது. குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள். மறுத்தால் அதற்கு அடுத்த கூட்டத்துக்கு மறுபடி எழுதுவேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியர்